பல ஆய்வுகள், ஒரு விடை: டிராலிங் தடையை முன்வைத்து ஒரு கணக்குப் பாடம்

ஜூன் 9 நள்ளிரவு ஆனதும் தோப்பும்படி துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டுவிடும். ஜூலை 31 வரை 52 நாட்கள் டிராலிங் தடை. மட்டாஞ்சேரியில் குடியிருக்கும் நமக்கு அது மீன் விலை ஏறும் காலம். படகில் கூலிக்குப் போகிறவர்களுக்கோ அடுப்பெரியுமா என்ற கவலை. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடை என்பது ஊருக்குப் போய்வரும் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேரளத்தில் தடை வந்தது 1988ஆம் ஆண்டில். அதையொட்டி எண்பதுகளில் பாபு பால், கலாவர், பாலகிருஷ்ணன் நாயர் ஆகியோர் தலைமையில் மூன்று குழுக்கள் அடுத்தடுத்து ஆராய்ந்தன. மூன்றும் ஒரே முடிவுக்கு வரவில்லை. இன்றும் டீக்கடையில் விவாதம் வந்தால் இரு தரப்பாரும் தங்களுக்குச் சாதகமான ஓர் ஆய்வைச் சொல்வார்கள். முரண்படும் ஆய்வுகளிலிருந்து விடை காண ஒரு கணக்கு உண்டு. அதன் பெயர் மெட்டா அனாலிசிஸ். தமிழில் தொகுப்பாய்வு எனலாம். உயர்நிலைப்பள்ளிக் கணக்கு தெரிந்த பிள்ளைகளும் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

விவாதத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். டிராலிங் வலை கடலடியை உரசிக்கொண்டு போகிறது. அங்கே வாழும் புழு, சிப்பி, சிறு நண்டு போன்றவைதான் பல மீன்களுக்கும் இறாலுக்கும் இரை. வலை போன இடத்தில் அவை குறைகின்றனவா?

பாடத்துக்காகக் கற்பனை எண்களை வைத்துக்கொள்வோம். முதல் ஆய்வு 15 சதவீதம் குறைவு என்கிறது. அதன் திட்டப்பிழை 10. இரண்டாவது 18 சதவீதம், பிழை 10. மூன்றாவது 30 சதவீதம், பிழை 20. திட்டப்பிழை என்றால் தவறு செய்துவிட்டார்கள் என்று பொருளல்ல. கடலில் எங்கெங்கோ அள்ளிய சில கூடைச் சேற்றை வைத்துச் சொல்வதால், விடை சற்று முன்பின் இருக்கலாம் என்பதன் அளவு அது. கண்ட குறைவு, பிழையின் இருமடங்கைத் தாண்டினால்தான் அதைத் தற்செயல் அல்ல என்று ஏற்பது பொதுவான வழக்கம்.

நம் மூன்று ஆய்வுகளில் இருமடங்குப் பிழை 20, 20, 40. கண்ட குறைவு 15, 18, 30. ஒன்றுகூடத் தேறவில்லை! மூன்று அறிக்கைகளும் 'நிரூபணமாகவில்லை' என்றே முடியும். தலைகளை எண்ணுகிறவர், 'மூன்று பேர் பார்த்தும் ஒன்றும் இல்லை, வலையால் தீங்கில்லை' என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

இப்போது எடை போடுவோம். ரயில்வேயில் லெவலிங் வேலை செய்தவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். ஒரே புள்ளியின் உயரத்தை மூன்று பெஞ்ச் மார்க்கிலிருந்து கொண்டுவந்தால், மூன்றையும் சமமாக நம்பமாட்டோம்; பிழை குறைந்த அளவீட்டுக்கு அதிக மதிப்பு. பிழையின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் எடை. இங்கே பிழைகள் 10, 10, 20; வர்க்கங்கள் 100, 100, 400; எனவே எடைகள் 4, 4, 1.

15ஐ 4ஆல் பெருக்க 60. 18ஐ 4ஆல் பெருக்க 72. 30ஐ 1ஆல் பெருக்க 30. கூட்டுத்தொகை 162, மொத்த எடை 9, வகுத்தால் 18 சதவீதம். சேர்த்த விடைக்கும் பிழை உண்டு. எடை 1 என்பது பிழை 20 உள்ள ஆய்வு; எடை 9 ஆகும்போது 20ஐ 9இன் வர்க்கமூலமான 3ஆல் வகுக்க, ஏறக்குறைய 6.7. இருமடங்கு 13.3. நம் விடையான 18 அதைத் தாண்டிவிட்டது. தனித்தனியே ஒன்றையும் நிரூபிக்காத மூன்று ஆய்வுகள் சேர்ந்து நிரூபித்துவிட்டன. 'நிரூபணமாகவில்லை' என்பதும் 'தீங்கில்லை' என்பதும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை வைத்தே விளக்கலாம்.

இந்த முயற்சி பழையது. 1904இல் கார்ல் பியர்சன், இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்களுக்குப் போட்ட டைபாய்டு தடுப்பூசியின் விவரங்களை இப்படிச் சேர்த்துப் பார்த்தார். மெட்டா அனாலிசிஸ் என்ற பெயரை 1976இல் ஜீன் கிளாஸ் வைத்தார். சூழலியலில் அது பரவியது தொண்ணூறுகளில். ஒருவர் புழுக்களை எண்ணுவார், மற்றவர் கிராமில் நிறுப்பார். அதனால் வலை போன இடத்துக்கும் போகாத இடத்துக்கும் உள்ள விகிதத்தை எடுத்து, அதன் மடக்கையைச் சேர்ப்பது சூழலியலில் பெருவழக்கு. பாதியாகக் குறைந்தது என்றால் எண்ணினாலும் நிறுத்தாலும் பாதிதானே!

நிஜக் கடலுக்கு வருவோம். 2017இல் ஹிடிங்க் என்பவரும் கூட்டாளிகளும் 70 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். ஆட்டர் டிரால் எனப்படும் பலகை கட்டிய இழுவலை ஒருமுறை போனால் கடலடி உயிரிகளில் 6 சதவீதம் அழிகிறது. நீரைப் பீய்ச்சித் தரையைத் தோண்டும் டிரெட்ஜ் கருவியால் 41 சதவீதம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைக்கும் 23.5 எந்த வலைக்கும் பொருந்தாது. ஆய்வுகளுக்கிடையே வேறுபாடு பெரிதாக இருந்தால் சராசரியை விட்டுவிட்டு அதன் காரணத்தைத் தேட வேண்டும். கொச்சிக் கடலின் சேற்றுக்கு இந்த எண்களை அப்படியே கொண்டுவருவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. தொகுத்த ஆய்வுகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக் கடல்களில் நடந்தவை.

மீண்டும் பழைய அளவை நெருங்க 1.9 முதல் 6.4 ஆண்டுகள் ஆகும் என்பதும் அதே ஆய்வின் கணிப்பு. அப்படியானால் கடலடி முழுதும் மீள 52 நாட்கள் போதாது. ஆனால் மழைக்காலத்தில் முட்டையிடும் மீன்களுக்கு அந்த 52 நாட்கள் என்ன செய்கின்றன என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு ஆய்வுகளைத் திரட்ட வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒன்றும் காணாத ஆய்வு பெரும்பாலும் அச்சேறாமல் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடும். நம் உதாரணத்தில் அப்படி நான்காவது ஆய்வு ஒன்று இருந்ததாகக் கொள்ளுங்கள்: குறைவு 0, பிழை 10, எடை 4. அதையும் சேர்த்துப் பிள்ளைகள் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். 162ஐ இப்போது 13ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறக்குறைய 12.5, இருமடங்குப் பிழை 11.1. தீர்ப்பு மாறவில்லை. ஆனால் 18 என்று சொல்லிக்கொண்டிருந்தது 12.5 ஆகிவிட்டது.