நூபியப் பாலைவனத்து இருப்புப்பாதை

பாலை என்றவுடன் தமிழ் மாணாக்கர் நெஞ்சில் தோன்றுவது பிரிவுத்துயரே. ஈண்டு யாம் கூறப்புகும் பாலையோ, மழை பெய்தால் முல்லையாய்த் திரும்புவதன்று. மணலுங் கல்லுமன்றி வேறொன்றுமில்லாத நூபியப் பாலைவனம்.

சூடான் நாட்டில் அபு ஹமீதுக்கும் வாடி ஹல்பாவுக்கும் நடுவே நைல் நதி நேரே ஓடாது பெருவளைவாகச் சுற்றிச் செல்கின்றது; இடையிடையே பாறைகள் படகுகளைத் தடுக்கின்றன. 1885-இல் கார்ட்டூமில் முற்றுகையுண்ட கார்டனை மீட்க ஆற்றுவழிச் சென்ற சேனை இரண்டு நாள் பிந்தியே சேர்ந்தது. ஆதலின், பின்னர்ப் படையெடுத்த கிச்சனர் ஆற்றைக் கைவிட்டுப் பாலைவனத்தை ஊடறுத்து ஏறக்குறைய 230 மைல் இருப்புப்பாதை அமைக்கத் துணிந்தார். அறிந்தோர் பலர் இஃது இயலாதென்றனர். கனடா நாட்டினரும் முப்பது வயது நிரம்பாதவருமாகிய ஜிரூவார் என்னும் பொறியாளர் 1897 ஜனவரி முதல் நாள் வேலையைத் தொடங்கினார்.

மணலினும் பெரிய இடர் தண்ணீரே. பாதை முனையில் உழைப்போர்க்கு வேண்டிய நீர் முழுவதும் வண்டியிலேயே வரவேண்டும். அவ்வண்டியை இழுக்கும் பொறியும் நீரையே குடிப்பது. சென்று திரும்புவதற்கு வேண்டியதையும் அதுவே சுமக்கவேண்டும். பாதை நீள நீள நீர்த்தொட்டிகள் பெருகும். தண்டவாளத்துக்கும் கட்டைகளுக்கும் இடம் குறுகும். இக்கணக்கின்படி, வழியில் நீர் கிடையாதாயின் ஓரெல்லைக்கப்பால் பாதை தானே நின்றுவிடும். நல்லூழாக 77-ஆம் மைலிலும் 126-ஆம் மைலிலும் தோண்டிய கிணறுகளில் நீர் சுரந்தது.

மறுமுனையாகிய அபு ஹமீது பகைவர் கையிலிருந்தது. ஆகஸ்டு 7-இல் ஆற்றோரமாய் வந்த படையொன்று அதனைக் கைப்பற்றிய பின்னரே பாதை அச்சமின்றி முன்னேறியது. அக்டோபர் 31-இல் அவ்வூரை எட்டியது. 1898 ஜூலையில் அத்பரா வரை நீண்டது. போர்ப்படகுகளும் துண்டு துண்டாகப் புகைவண்டியேறிப் பாலைவனத்தைக் கடந்தன!

1898 செப்டம்பர் 2-இல் ஓம்டுர்மானில் மாய்ந்த சூடானியர் ஏறக்குறைய 10,000 பேர். எதிர்ப்பக்கத்தில் மாண்டோர் ஐம்பதின்மர் அளவினரே. இவ்வேறுபாட்டுக்கு இயந்திரத் துப்பாக்கியைக் காரணங் கூறுவது வழக்கம். எனக்கோ நீர்த்தொட்டி வண்டியே முதற்காரணமாகத் தோன்றுகின்றது. சூடானியர்க்கு அப்பாலைவனமே மதில். தண்டவாளம் அதனைத் தகர்த்துவிட்டது. அப்போரிற் குதிரைவீரராயிருந்த சர்ச்சிலும் தம் நூலில் இப்பாதைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார்.

வெயிலில் தண்டவாளஞ் சுமந்தோரின் பெயர்களை அறிவாரிலர். அப்பாலைவனத்து நிலையங்களுக்கும் பெயரில்லை. ஒன்று, இரண்டு என எண்களே இடப்பட்டன.