கேட்காத கேள்விக்கும் பதில் வேண்டும்

நம்பிக்கை: மாசமாக இருக்கும்போது கணவனும் மனைவியும் சேர்ந்தால் பிள்ளைக்கு அடிபடும்.

உண்மை: படாது. பிள்ளை பனிக்குட நீரில் மிதக்கிறது. சுற்றிலும் கருப்பையின் தடித்த தசை இருக்கிறது. கருப்பை வாயைச் சளி அடைத்துக் காக்கிறது. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் உறவினால் கரு கலைவதில்லை. நஞ்சுக்கொடி (நஞ்சு) கீழே அமைந்து கருப்பை வாயை மறைத்திருந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பனிக்குடம் உடைந்து நீர் கசிந்தாலோ, நாளாகுமுன் வலி கண்டாலோ, கருப்பை வாயின் நீளம் குறைந்திருந்தாலோதான் கூடாது.

நம்பிக்கை: "எதுக்கும் வேண்டாம்" என்று சொல்லிவிடுவதே பாதுகாப்பு.

இது மருத்துவர்களின் நம்பிக்கை. இதற்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். நஞ்சு கீழே இருப்பவளுக்கும் நலமாக இருப்பவளுக்கும் ஒரே தடை என்றால், உண்மையில் யாருக்கு ஆபத்து என்று இருவருக்குமே தெரியாது. ஐந்தாம் மாத ஸ்கேனில் கீழே தெரியும் நஞ்சு, கருப்பை வளர வளரப் பெரும்பாலும் மேலே விலகிவிடும். மறு ஸ்கேனில் அதைப் பார்த்த பிறகு, இனிப் பயமில்லை என்று யார் சொல்கிறார்கள்?

இன்னொன்றும் உண்டு. விருப்பமில்லாத பெண்ணுக்கு "டாக்டரம்மா வேண்டாம்னுட்டாங்க" என்பது ஒரு கேடயம். ஆனால் அவளைத் தனியே உட்காரவைத்துப் பேசினால்தான், வீட்டில் கட்டாயம் நடக்கிறதா என்பது தெரியவரும்.

நம்பிக்கை: சந்தேகம் இருந்தால் அவர்களே கேட்பார்கள்.

உண்மை: எங்கள் தூத்துக்குடிப் பகுதியில், கொற்கை, ஏரல் பக்கமிருந்தோ கடற்கரை ஊர்களிலிருந்தோ உப்பளத்திலிருந்தோ செக்கப்புக்கு வரும் பெண்ணின் பக்கத்தில் பெரும்பாலும் மாமியாரோ அம்மாவோ நிற்கிறார். பின்னால் வரிசை காத்திருக்கிறது. அவள் எப்படி வாய் திறப்பாள்? உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பாலியல் நலம் பற்றிச் சுருக்கமாகப் பேச சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரச் சொல்கிறது. 1976இல் உளவியலாளர் ஜாக் அன்னான் வகுத்த முறையில் முதல் படியே அனுமதி: இதைப் பற்றிப் பேசலாம் என்று மருத்துவர் முதலில் உணர்த்துவது. "நிறையப் பேருக்கு வர்ற சந்தேகந்தாம்மா, வீட்டுக்காரரோட சேர்ந்து இருக்கிறதப் பத்தி எதுவும் கேக்கணுமா?" இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் கூச்சமின்றிச் சொல்லப் பழக வேண்டும்.

2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பான்மை, அறநெறி, தொடர்பாடல் பற்றிய பயிற்சி கட்டாயமாகியிருக்கிறது. 2000இல் தொடங்கிய தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியைப் போன்ற இடங்களில், இந்த உரையாடலை மாணவர்கள் ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் மருத்துவராகவும் நடித்துப் பழக அந்த வகுப்பே ஏற்ற இடம். ஹவுஸ் சர்ஜன் ஆகி லேபர் வார்டில் நிற்கும்போது முதன்முறை சொல்லிப் பார்க்கிற வாக்கியமாக இது இருக்கக் கூடாது. ஆண் மாணவர்களுக்கும் விலக்குத் தரக் கூடாது.

நம்பிக்கை: முதல் செக்கப்பில் ரத்தம் பார்த்தாச்சு, இனித் தொற்று வராது.

உண்மை: வரலாம். எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனைகள் அன்றைய நிலையை மட்டுமே காட்டும். சிகிச்சையே இல்லாதபோது 100க்கு 15 முதல் 45 குழந்தைகள் வரை தாயிடமிருந்து எச்.ஐ.வி. பெறக்கூடும், முறையான சிகிச்சை அதை 5க்கும் கீழே கொண்டுவரும். மாலத்தீவுக்குத் தோணியில் போய் வருபவர்கள் வாழும் கரை இது. அதற்காகக் கடலோடிகளின் மனைவியரைத் தனியாகப் பிரித்துக் கேட்பது அவமதிப்பு. ஆணுறையைப் பற்றியும் மறுசோதனையைப் பற்றியும் எல்லாக் கர்ப்பிணிகளிடமும் ஒரே மாதிரி பேச வேண்டும்.

நம்பிக்கை: பால் கொடுக்கும்வரை அடுத்தது தங்காது.

உண்மை: முதல் 6 மாதங்களில், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாதவரைதான் இது பொருந்தும். மூன்றில் ஒன்று தவறினாலும் கரு தங்கலாம். பிரசவமாகிப் பல மாதம் கழித்து இதைச் சொல்வதில் பயனில்லை. வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகுமுன் வரும் செக்கப்பிலேயே, கணவரையும் கூப்பிட்டு, சொல்லிவிடலாம்.