கனடாவிலிருந்து வந்த காகிதம் – பத்திரிகைக் காகித இறக்குமதியின் போக்குகள்

தாம்பரம், இரும்புலியூர்ப் பகுதித் தேநீர்க் கடைகளில் காலைப் பத்திரிகையைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் படிப்போர் பலர். செய்தியைப் பற்றி வாதிடும் நாம், அது அச்சாகியுள்ள காகிதம் எந்நாட்டிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை. பொருளியல் பயிலும் மாணவர்க்கு அது கேட்கத்தக்க கேள்வியே ஆகும்.

பத்திரிகைக் காகிதம் என்பது யாது?

நாம் எழுதும் தாளினும் இது மெல்லியது; விலை குறைந்தது. பெரும்பாலும் மரத்தை அரைத்து எடுத்த கூழினால் ஆவது. அச்சகத்தார் 'ரீல்' என்று அழைக்கும் பெரிய உருளைகளாக வருவது. ஒரு சதுர மீட்டர் 45 கிராம் எடையுள்ள தாளை எடுத்துக்கொள்வோம். 70 செ.மீ. நீளமும் 55 செ.மீ. அகலமும் உடைய ஒரு விரிதாளில் நான்கு பக்கங்கள் அமையும். 16 பக்கப் பத்திரிகைக்கு நான்கு விரிதாள்கள் வேண்டும். அவற்றின் எடை ஏறத்தாழ 69 கிராம். கழிவை நீக்காமல் கணக்கிட்டால் ஒரு டன்னில் சுமார் 14,400 பிரதிகள் கிடைக்கும். எனவே டன் விலையில் ஏற்படும் உயர்வு ஒவ்வொரு பிரதியையும் வந்து தாக்குகிறது.

கனடா ஏன்?

கனடாவின் குளிர்ந்த காடுகளில் ஊசியிலை மரங்கள் மிகுதி. அவற்றின் நார் நீளமானது. வேகமாகச் சுழலும் அச்சு இயந்திரத்தில் தாள் கிழியாமல் ஓட அது உதவுகிறது. மலிவான நீர்மின்சக்தியும் அந்நாட்டிற்கு வாய்த்தது. இந்தியாவிலோ மத்தியப் பிரதேசத்தின் நேபா ஆலை 1956-இல் திறக்கப்பட்டு, மூங்கிலையும் சலாய் மரத்தையும் கொண்டு காகிதம் செய்தது. அதன் உற்பத்தி நாட்டின் தேவைக்குப் போதவில்லை. ஆகவே கனடாவும், ஸ்காண்டிநேவிய நாடுகளும், சோவியத் யூனியனும் நமக்குக் காகிதம் அளித்தன. சோவியத் வணிகம் ரூபாயில் நடந்தது. கனடாவிற்கு அந்நியச் செலாவணி தரவேண்டியிருந்தது. இவ்வேறுபாடு முக்கியமானது.

அளவும் மதிப்பும்

இறக்குமதிப் போக்கை ஆராய்வோர் டன் அளவையும் ரூபாய் மதிப்பையும் குழப்பிக்கொள்ளலாகாது. 1966 ஜூன் மாதத்தில் ஒரு டாலரின் விலை 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாயாயிற்று. ஒரு டன் 150 டாலர் என்று வைத்துக்கொண்டால், 714 ரூபாய்க்கு வந்த காகிதம் மறுநாள் 1,125 ரூபாயாகிவிடும். வாங்கும் அளவு கூடாமலே இறக்குமதிச் செலவு கூடியதாகக் கணக்குக் காட்டும்.

சட்டமும் காகிதமும்

செலாவணித் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, அரசு 1962-ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ்ப் பத்திரிகைகளுக்குக் காகிதத்தைப் பங்கிட்டு வந்தது. 1972-73 கொள்கை பத்துப் பக்க உச்சவரம்பை விதித்தது. பென்னட் கோல்மன் வழக்கில் உச்சநீதிமன்றம் 1972-இல் அதனைச் செல்லாது என்றது. காகிதத்தைப் பங்கிடலாம், அப்பங்கிற்குள் எத்தனை பக்கம் அச்சிடுவது என்பதைப் பத்திரிகையே முடிவு செய்யவேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். 1981-இல் இறக்குமதிக் காகிதத்தின்மீது சுங்கவரி வந்தபோதும் வழக்கு எழுந்தது. அவ்வரியை மறுஆய்வு செய்யுமாறு உச்சநீதிமன்றம் 1984-இல் அரசைப் பணித்தது. காகிதத்தின் கடிவாளம் கருத்தின் கடிவாளமும் ஆகக்கூடும் என்பதற்கு இவ்விரு வழக்குகளும் சான்று.

கரும்புச் சக்கையின் விடை

தமிழகம் வேறொரு வழி கண்டது. 1979-இல் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் அமைக்கப்பட்டது. கரூரை அடுத்த காகிதபுரத்தில் 1984-இல் உற்பத்தி தொடங்கியது. மூலப்பொருள் கரும்புச் சக்கை. சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் எரித்து வந்தன. அவற்றிற்கு மாற்று எரிபொருளால் நீராவி கிடைக்க வழிசெய்து, ஈடாகச் சக்கையைப் பெற்றது இந்நிறுவனம். எரிந்து போனது ஏடாயிற்று!

பின்வந்த மாற்றங்கள்

1990-களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. மலிவான அயல்நாட்டுக் காகிதத்தோடு உள்நாட்டு ஆலைகள் போட்டியிட வேண்டியதாயிற்று. மறுபுறம், வட அமெரிக்காவில் பத்திரிகை படிப்போர் குறைந்ததால் கனடாவின் ஆலைகள் பல மூடப்பட்டன. சில, பெட்டி அட்டை செய்வதற்கு மாறின. இந்தியாவில் 2019-இல் 10 விழுக்காடு சுங்கவரி விதிக்கப்பட்டு, 2020-இல் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2022-இல் உக்ரைன் போர் மூண்டபோது, ரஷ்யக் காகிதத்தை நம்பியிருந்த பத்திரிகைகள் தவித்தன. அதே ஆண்டு மார்ச்சில் அண்டை நாடான இலங்கையில் காகிதம் வாங்கச் செலாவணியின்றி, மேல் மாகாணப் பள்ளித் தேர்வுகள் ஒத்திவைக்கப்பட்டன.

முடிவுரை

இவற்றிலிருந்து நாம் அறிவன மூன்று. இறக்குமதியின் அளவைத் தேவை மட்டும் தீர்மானிப்பதில்லை. செலாவணியும் சட்டமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஒரே நாட்டை நம்புவது ஆபத்து. வரியால் மட்டும் உள்நாட்டுத் தொழில் வளராது, மூலப்பொருளும் வேண்டும். வரி உயர்ந்தால் பெரிய பத்திரிகை தாங்கிக்கொள்ளும். சிற்றூர்ப் பத்திரிகை பக்கத்தைக் குறைக்கும், அல்லது நின்றுவிடும். ஆகவே காகிதக் கொள்கை வகுப்போர் ஆலைத் தொழிலாளியையும் சிறு பத்திரிகையையும் ஒருசேர எண்ணவேண்டும். பழைய பேப்பர் கடைக்கு நாம் போடும் கட்டும் அட்டை ஆலைக்குச் செல்லும் மூலப்பொருளே என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்வார்களாக.