பிள்ளைகள் நடக்கும் தெரு



நெய்வேலி நகரியத்தை ஒட்டி இருக்கிற ஊர் வடக்குத்து. முந்திரியும் பலாவும் விளைகிற பூமி. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியபின், வேலைக்காக வந்த பல ஊர்க்காரர்கள் குடியேறிய வட்டாரம். இதுபோன்ற ஊர்களில் மார்கழி விடியலில் தெருச் சுற்றிவரும் பஜனை இப்போது பல இடங்களில் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டது. பெரியவர்களுக்குக் காலை ஷிப்ட் இருக்கிறது, முந்திரிக்காட்டு வேலை இருக்கிறது. குளிரில் எழுந்து தலைக்குக் குளித்து, ஜால்ராவைத் தட்டிக்கொண்டு நடப்பது சிறுசுகள்தான். ஒருவன் கையில் விளக்கு, காற்றில் அணையாமலிருக்க மறைத்துப் பிடிக்க இன்னொருவன். சுற்றி முடித்தால் தொன்னையில் சூடாகப் பொங்கல். அதற்காகவே எழுந்துவருகிற பிள்ளையும் உண்டு. அதில் தவறில்லை.

கோயில் ஒலிபெருக்கியும் ஊரை எழுப்பும். ஆனால் அது தெருவுக்குள் நடந்து வராது. யார் வீட்டு வாசலிலும் நிற்காது.

மார்கழிப் பாட்டு அன்புக்கொடி மக்களின் ஏட்டுப் படிப்பு அல்ல. ஆயினும் பிள்ளைகள் தெருவில் திரண்டு நடப்பது நமக்கு அன்னியமான காட்சியும் அல்ல. கொல்லம் ஆண்டு 1008 மாசி 20-இல் (1833) அய்யா திருச்செந்தூர்க் கடலிலிருந்து அவதரித்த நாளை நினைந்து, ஆண்டுதோறும் அதே நாளில் நாகர்கோவிலிலிருந்து சாமிதோப்புக்கு ஊர்வலம் செல்கிறது. அகிலத்திரட்டு அம்மானை ஏடு வாகனத்தில் வர, காவிக்கொடியும் முத்துக்குடையும் சூழ, தலைப்பாகை கட்டிய பிள்ளைகள் கோலாட்டம் ஆடிச் செல்வார்கள்.

பார்க்கிறவர்களுக்கு அது திருவிழா அழகு. ஆனால் அதில் உள்ள மூன்றைப் பிள்ளைகளுக்கு நிறுத்திச் சொல்ல வேண்டும்: தலையிலுள்ள பாகை, மேலே விரிந்த குடை, காலடியிலுள்ள தெரு. அன்றைய திருவிதாங்கூரில் சான்றோர் குலத்தார் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. பெண்கள் தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, மேலாடைக்கும் தடை. சில வழிகளில் நடக்கவே உரிமையில்லை. தலைவரி வேறு, கூலியில்லாத ஊழியம் வேறு. அப்படிக் குனிந்து நின்றவர்களைத்தான் அய்யா தலைப்பாகை கட்டிக்கொண்டு பணிவிடைக்கு வரச் சொன்னார். திருவனந்தபுரத்துச் சிறையிலிருந்து மீண்ட அய்யாவை வாகனத்தில் சுமந்து வந்தவர்களும் அந்த மக்களே. ஆக, பத்து வயதுப் பிள்ளை பாகை கட்டி, குடை நிழலில், நடுத்தெருவில் கோலாட்டம் ஆடுவது விளையாட்டு மட்டும் அல்ல. முப்பாட்டனுக்கு மறுக்கப்பட்டதை அது காலால் எழுதிக் காட்டுகிறது. இது தெரியாமல் கட்டினால் பாகை வெறும் துணி.

இன்னொன்றும் உண்டு, அது சற்றுக் கசப்பானது. நம் நாட்டு ஊர்வலங்களுக்கு ஒரு பழைய நோய்: ஊர்த்தெருவோடு திரும்பிவிடும். காலனிப் பக்கம் போகாது. கேட்டால், வழக்கம் இல்லை என்பார்கள். பாதை குறுகல், நேரமாகிவிட்டது என்றும் சொல்வார்கள். தெரு மறுக்கப்பட்டவர் வழிவந்தவர்களே இன்னொருவர் தெருவைத் தவிர்த்தால், அதற்குப் பெயர் பவனியா? சாமிதோப்பில் எல்லாரும் சேர்ந்து நீர் இறைக்கவும் குளிக்கவும் முத்திரிக்கிணறு ஏற்படுத்தியவர் அய்யா. வாகைப்பதியில் துவையல் தவசு இருந்த குடும்பங்கள் எழுநூறு என்பர். பெண்களும் குழந்தைகளுமாகக் கடற்கரையில் ஒன்றாகத் துவைத்து, ஒன்றாகக் குளித்து, ஒருவேளை மட்டும் ஒன்றாக உண்டார்கள்.

இந்த நோய் பிள்ளைகளை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவன் எந்தத் தெருவில் இருந்தாலும், அவன் வீட்டு வாசலில் நின்று இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடவே அவர்களுக்குத் தோன்றும். குறுக்கே வந்து வழியைத் திருப்பிவிடுவது பெரியவர்கள்தான்.

தாங்கலில் வாகன பவனி வைப்பவர்கள் முந்தின நாள் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரை ஒருமுறை நடந்து பார்க்கலாம். எந்தத் தெரு விட்டுப்போகிறது என்று அவர்களையே கேட்டு, அந்தத் தெருவைப் பட்டியலில் முதலாவதாக எழுதிக்கொள்ளலாம்.