தோலும் ஒரு நறுமணமே

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

வாசனை என்றவுடன் நம் நினைவுக்கு வருவன மல்லிகை, சந்தனம், பன்னீர் முதலியவையே. தோல் என்றாலோ மூக்கைப் பொத்திக் கொள்கிறோம். ஆனால் தோலைக் குறிக்கும் 'குயிர்' என்ற பிரெஞ்சுச் சொல்லைப் பெயரிலேயே தாங்கிய உயர்ந்த வாசனைத் திரவியங்கள் பல உண்டு. பிரெஞ்சுத் தெருப்பெயர்கள் இன்றும் நிலைத்திருக்கும் புதுச்சேரியில் பயிலும் நாம் இவற்றின் வேதியியலைச் சற்று ஆராய்வது பொருத்தமாகும்.

பிரான்சிலுள்ள கிராஸ் நகரம் ஆதியில் தோல் பதனிடும் ஊர். தோலின் நாற்றத்தை மறைக்க அங்கே கையுறைகளுக்கு வாசனையூட்டினர். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வளர்ந்த இவ்வழக்கமே அவ்வூரை வாசனைத் தொழிலுக்கு இட்டுச் சென்றது. காலப்போக்கில், மறைக்க முயன்ற மணத்தையே மக்கள் விரும்பலாயினர். பிர்ச் மரத்தார் ஊட்டிய ரஷ்யத் தோலின் மணத்தைத் தழுவி, 1920களில் எர்னஸ்ட் போ என்பவர் ஷானெல் நிறுவனத்திற்காகக் 'குயிர் தெ ரூஸி' என்ற வாசனையை உருவாக்கினார்.

இவ்வகை வாசனையில் ஒரு துளியை மணிக்கட்டில் இட்டால் என்ன நிகழும்? முதலில் ஆல்கஹால் பறந்துவிடும். அடுத்து எலுமிச்சை இனத்து எண்ணெய்கள் மணக்கும். அவற்றிலுள்ள லிமோனீனின் மூலக்கூறு எடை 136 மட்டுமே. ஆதலால் அம்மணம் விரைவில் தணியும். பிறகு ரோஜாவும் மல்லிகையும் சில மணி நேரம் நிற்கும். அவை அடங்க அடங்க, தொடக்கத்தில் லேசாகத் தெரிந்த புகை, தார், குதிரைச் சேணம் ஆகியவற்றின் வாடை ஓங்கும். பிர்ச் தாரிலுள்ள குவாயகால் போன்ற பீனால்களும், செயற்கைப் பொருளான ஐசோபியூட்டைல் குயினோலினும் இதனைத் தருகின்றன. கடைசியில் எஞ்சுவது விலங்குடலின் வெதுவெதுப்பான வாடை. அதைத் தரும் பொருள்களுள் ஒன்று நாமறிந்த புனுகு.

புனுகின் மணத்திற்குக் காரணமான சிவெட்டோன் 17 கார்பன் அணுக்கள் கொண்ட பெரிய வளையம் என்பதை 1926இல் ருசிக்கா என்னும் அறிஞர் கண்டறிந்தார். 1939இல் நோபல் பரிசும் பெற்றார். அதன் மூலக்கூறு எடை 250. எனவே மெல்ல ஆவியாகி மறுநாளும் துணியில் மணக்கிறது. இன்று பெரும்பாலும் செயற்கைச் சிவெட்டோனே பயன்படுகிறது.

புனுகில் ஸ்கடோலும் உண்டு. அது மலத்திலும் உள்ள பொருள். மல்லிகையில் உள்ள இண்டோலும் அத்தகையதே. செறிந்தால் நாற்றம், நீர்த்தால் நறுமணம்! திருவொற்றியூர் ஆதிபுரீசுவரருக்குக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிச் சாத்தப்படும் தைலத்திலும் புனுகு சேர்கிறது. இறைவன் மேனிக்கு உகந்தது விலங்கின் சுரப்பு!

தோல் பதனிடும் கூலித் தொழிலாளியின் மகன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். என் தந்தையார் பேருந்தில் அமர்ந்ததும் அருகிலிருந்தவர் எழுந்து போனதை நான் கண்டதுண்டு. பச்சைத் தோலை உப்பிட்டு, சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி, ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்துவது நம் நாட்டுப் பழைய முறை. பட்டையிலுள்ள டானின் தோலின் கொலாஜனுடன் பிணைவதால் அழுகல் நிற்கிறது. ஆக, நாற்றத்தைப் போக்குகிறவர் மீதே நாற்றப் பழி விழுகிறது!

மூக்கு மூலக்கூறுகளை மட்டுமே அறியும், சாதியை அறியாது. இழிவு என்பது மனம் கற்றுக்கொண்ட பாடம். கற்றதை மறக்கவும் கல்வியே துணை செய்ய வேண்டும்.