கொடிநாள் அட்டையில் என்ன எழுதுவது?

அன்புள்ள ஆசிரியைக்கு,

டிசம்பர் 7 கொடிநாளுக்காக உங்கள் வகுப்புப் பிள்ளைகள் படைவீரர்களுக்குக் கையாலேயே வாழ்த்து அட்டை செய்யப்போவதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. முகப்பில் ‘வீரவணக்கம்’ என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பனியில் காவல் நிற்கிற ஒருவர் உறையைப் பிரித்ததும் அந்தச் சொல்லைப் பார்க்கக் கூடாது. அதற்கு உரிய இடம் வேறு. 1999 கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் உயிர்நீத்த மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவிடம் இருக்கிறது. அங்கே மலர் வைக்கும்போது சொல்லலாம். பணியில் இருப்பவருக்கு ‘அன்புள்ள அண்ணா’, ‘அன்புள்ள அக்கா’ போதும். படையில் பெண்களும் இருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

உள்ளே என்ன எழுதுவது என்பதில்தான் கவனம் வேண்டும். ‘எங்களுக்காக உயிரைக் கொடுக்கப்போகும் உங்களுக்கு நன்றி’ என்று பிள்ளைகள் நல்ல மனதோடுதான் எழுதுகிறார்கள். படிப்பவருக்கோ வீட்டில் மனைவி இருக்கிறார், பள்ளிக்குப் போகும் மகள் இருக்கிறாள், அடுத்த லீவுக்கு எண்ணிக்கொண்டிருக்கிற நாள்கள் இருக்கின்றன. அவருக்குச் சாவை நினைவூட்ட வேண்டாம். உங்கள் ஊரில் மழை பெய்ததா, ஏரி நிரம்பியதா, கபடியில் யார் ஜெயித்தார்கள் என்று எழுதட்டும். ஊர்ச் செய்தியைவிட அவருக்கு இனிப்பானது வேறில்லை. எங்கே இருக்கிறீர்கள், எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. பதிலும் எதிர்பார்க்க வேண்டாம்.

தேசியக் கொடி வரைந்தால் அதன்மேல் எழுத்து எதுவும் வரக் கூடாது. கொடி விதியே அப்படித்தான் சொல்கிறது. சக்கரத்துக்கு 24 ஆரங்கள். கொடிநாளுக்கென்றே தரைப்படைக்குச் சிவப்பு, கடற்படைக்குக் கருநீலம், விமானப்படைக்கு வெளிர்நீலம் என மூன்று வண்ணங்கள் இருக்கின்றன. அந்த வண்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டினாலே அட்டை அழகாகிவிடும்.

தரைப்படையில் இருப்பவருக்கு அனுப்ப ஊர்ப்பெயர் தேவையில்லை. படை எண், பதவி, பெயர், பிரிவு, அதன்கீழே 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்று எழுதினால் ராணுவ அஞ்சல் கொண்டுசேர்க்கும். இந்த விவரத்தை அவர் குடும்பத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேஸ்புக்கில் உறையைப் படம் பிடித்துப் போட வேண்டாம். முகவரி தெரியாவிட்டால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

1949 முதல் கடைப்பிடிக்கப்படும் கொடிநாள், எல்லையில் இருப்பவர்களுக்கு மட்டுமானதல்ல. அதையொட்டித் திரளும் நிதி முன்னாள் படைவீரர்களுக்கும் உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கும் போகிறது. அட்டைகளும் அங்கே போகட்டும். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையில் தலைமுறை தலைமுறையாகப் படைக்குப் போகிறார்கள். உங்கள் ஊரிலும் தெருவுக்கு ஒரு ‘மிலிட்டரிக்காரர்’ இருப்பார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் நேரில் கொடுங்கள். அவருடைய பதவியைக் கேட்டறிந்து, பெயருக்கு முன்னால் ‘சுபேதார்’ என்றோ ‘ஹவில்தார்’ என்றோ எழுதி, பின்னால் ‘(ஓய்வு)’ என்று போடுங்கள். முப்பது வருஷம் கழித்து அந்தப் பதவியோடு தன் பெயரைப் பார்க்கிறவரின் முகத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

கணவரையோ மகனையோ இழந்த வீட்டுக்குப் போகும் அட்டை தனி. அதில் மினுமினுப்பு வேண்டாம், ‘வாழ்த்துகள்’ வேண்டாம். வெள்ளை அட்டையில் ஒரு சின்னப் பூ போதும். இறந்தவரின் பெயரைத் தவறாமல் எழுதுங்கள். பெயரைச் சொன்னால் அவர்கள் அழுவார்களோ என்று பயந்து பலரும் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். நாளடைவில் ஊரே அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ‘உங்கள் மகன் படித்த பள்ளியில்தான் நாங்களும் படிக்கிறோம்’ என்று ஒரு வரி எழுதினால், அந்தத் தாய் அதை எடுத்து வைத்துக்கொள்வார். ‘பெருமைப்படுங்கள்’ என்று அவருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. கொடுக்கும்போது புகைப்படம் எடுக்காதீர்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள், அவர் பேசினால் கேளுங்கள்.

நவம்பரிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள். எல்லைக்குப் போகும் தபாலுக்கு நாள் பிடிக்கும்.

அன்புடன்,
உங்கள் கடிதத்தைப் படித்தவன்