கந்துவட்டிக்குக் கை நீட்டும் முன்…

சம்பாதிப்பவர் திடீரெனப் படுத்துவிட்டாலோ இறந்துவிட்டாலோ, முதலில் இவற்றைப் பாருங்கள்.

1. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டுங்கள். கையிலிருந்து கட்டிய பணத்தைப் பிறகு திரும்ப வாங்குவது பெரும்பாடு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தும் அட்டை இல்லையா? வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். விவரம் கேட்க 1800 425 3993.

2. இறந்தவரின் பாஸ்புக்கில் மே, ஜூன் மாதப் பதிவுகளை வரி வரியாகப் பாருங்கள். 436 ரூபாய் கழிந்திருந்தால் அது ஜீவன் ஜோதி காப்பீடு. 20 ரூபாய் என்றால் சுரக்ஷா பீமா, விபத்து மரணத்துக்கு மட்டும். எதுவானாலும் 2 லட்சம் ரூபாய். பல வீடுகளில் இப்படியொரு காப்பீடு இருப்பதே தெரியாது. வங்கி கூப்பிட்டுச் சொல்லும் என்று காத்திருக்காமல், இறப்புச் சான்றோடு உடனே போய்க் கேளுங்கள்.

3. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள வீடா? இறந்தவருக்கு வயது 18 முதல் 59க்குள் என்றால், தாலுகா அலுவலகத்தில் குடும்ப நல உதவிக்கு மனுக் கொடுங்கள். 20,000 ரூபாய் கிடைக்கும்.

4. பி.எஃப். இருந்தால் மருத்துவ முன்பணம் கேளுங்கள். உங்கள் பணம்தான், திருப்பிக் கட்ட வேண்டாம்.

5. நகையைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வையுங்கள். அடகுக்கடையைவிட வட்டி குறைவு.

6. எதுவும் நகரவில்லையா? திங்கள்கிழமை கலெக்டரின் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள், அல்லது 1100க்குப் பேசுங்கள். மனு எண்ணை மறக்காமல் வாங்குங்கள். எண் இருந்தால்தான் பிறகு விசாரிக்க முடியும்.